நொறுங்கின பாம்பரைத் தட்டி எடுக்க முடியுமா?

எழுபது வருடத்துக்கு மேல் கடலுக்கடியில் கிடந்த ஜெர்மன் குண்டுவீச்சு விமானம் (பாம்பர்) ஒன்றை கிரேன் மெல்ல மெல்லத் தூக்குகிற வீடியோ கண்ணில் பட்டது, பார்த்த கையோடு மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். மாமா மதுரை அவனியாபுரத்தில் டிங்கர் பட்டறை வைத்திருப்பவர். முப்பது வருடமாக நசுங்கின கதவையும் மடங்கின மட்காடையும் தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, மோதின தடமே தெரியாமல் வண்டியை அனுப்பிவைக்கிற கை அது. பக்கத்துப் பெருங்குடியில், விமான நிலைய ரன்வேயில் இறங்குகிற விமானங்களின் சத்தம் நாள் முழுக்கக் காதில் விழும், ஆனால் நிமிர்ந்து பார்க்க மாட்டார். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"மாப்ள, இது தேறாது. தட்டினா பொடிப்பொடியாப் போயிரும். இதை எதுக்குத் தூக்குறாய்ங்க?"

தட்டினால் பொடியாகும் என்று அவர் சொன்னது அப்படியே சரி, வீடியோவில் பார்த்தே உலோகத்தின் நிலையைப் பிடித்துவிட்டார். எதுக்குத் தூக்குகிறார்கள் என்பதற்குத்தான் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. தேடிப் படித்தபோது, ஒவ்வொரு விமானத்துக்கும் ஒவ்வொரு கூட்டம் வேறு வேறு பதில் வைத்திருந்தது தெரிந்தது, அந்தப் பதிலைப் பொறுத்து சுத்தியலைத் தொடுவதா வேண்டாமா என்பதே மாறுகிறது.

முதலில் உலோகம். இரண்டாம் உலகப்போர் கால விமானத்தின் உடம்பில் இருப்பது நம் வீட்டு அலுமினியச் சட்டியின் அலுமினியம் இல்லை. சட்டி அலுமினியம் மெத்து, கையால் அமுக்கினாலே நெளியும். விமானத்துக்குப் போட்டது டியூராலுமின் வகைக் கலவைகள்: கிட்டத்தட்ட 4 சதவீதம் செம்பு, கொஞ்சம் மக்னீசியம், கொஞ்சம் மாங்கனீசு. ஆல்ஃபிரெட் வில்ம் என்ற ஜெர்மானியர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடித்த சரக்கு. இதன் குணமே விசித்திரம். 500 டிகிரி செல்சியஸுக்குக் கிட்டத்தில் சூடுபடுத்தி சட்டென்று தண்ணீரில் முக்கினால், உளி காய்ச்சுகிற எஃகாக இருந்தால் விறைத்துப்போகும், இதுவோ மெத்தென்று ஆகிவிடும். அப்புறம் யாரும் தொடாமலே, சும்மா கிடக்கிற நாலைந்து நாளில் தானாக இறுகிக்கொள்ளும். விமானத் தொழிற்சாலைகளில் சில வகை ரிவெட்டுகளை (தலையை அடித்து விரித்துத் தகடுகளை இணைக்கிற ஆணிகள்) இப்படிச் சூடாக்கி முக்கியவுடன் ஐஸ் பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள். அரைத்த மாவு புளிக்காமலிருக்க ஃபிரிட்ஜில் வைக்கிறோமே, அதே கணக்கு. வெளியே எடுத்ததும் இறுகத் தொடங்கிவிடும், அதற்குள் அடித்து முடிக்க வேண்டும். தாமதமானால் தலை விரியாது, வெடிக்கும்.

செம்பு கொடுத்த வலுவுக்கு விலையும் உண்டு, அந்தக் கலவை ஈரத்தில் சீக்கிரம் அரிக்கும். அதனால் தகட்டின் இரண்டு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிய தோலாக ஒட்ட வைத்து உருட்டினார்கள். அந்தத் தோல் இருக்கிறவரை உள்ளே இருப்பது பிழைக்கும். உப்புத் தண்ணீர் அதை ஒரு இடத்தில் துளைத்துவிட்டால் போதும். அலுமினியச் சட்டியில் புளி கரைத்து வைக்காதே என்று வீட்டில் திட்டுவார்களே, சட்டி உள்பக்கம் புள்ளி புள்ளியாகக் குழி விழுமே, அதுதான் இங்கே பெரிய அளவில் நடக்கிறது. கூடவே எஃகு போல்ட்டும் அலுமினியமும் கடல்நீரில் சேர்ந்து கிடந்தால் இரண்டுக்கும் நடுவில் பேட்டரி மாதிரி மின்னோட்டம் உண்டாகும், தின்னப்படுவது அலுமினியம். முற்றின நிலையில் தகடு உள்ளேயிருந்து அடுக்கடுக்காகப் பிரிந்து உப்பிக்கொள்ளும், நம்மூர் பன் பரோட்டாவைப் பிய்த்த மாதிரி. அதைப் பின்பக்கம் டாலி என்ற இரும்புக் கட்டை கொடுத்துத் தட்டினால் மாமா சொன்னதுதான் நடக்கும்.

நான் அனுப்பிய வீடியோவில் இருந்தது ஜெர்மனியின் டோர்னியர் 17. 1940 ஆகஸ்ட் 26 அன்று சுடப்பட்டு, இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையோரம் குட்வின் மணல்திட்டுப் பகுதியில் விழுந்தது, 2013 ஜூன் 10 அன்று வெளியே வந்தது. அந்த ரகத்தில் ஓரளவு முழுசாக மிஞ்சியது உலகத்தில் இது ஒன்றுதான். தூக்கிக் கொண்டுபோய் காஸ்ஃபோர்டில் உள்ள ராயல் ஏர்ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தில் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைத்து, வருடக்கணக்கில் சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். எலுமிச்சையில் இருக்கிற அதே புளிப்பு. அலுமினியத்துக்குப் புளிப்பு ஆகாது என்று இப்போதுதானே சொன்னாய் என்று கேட்டால் நியாயம், ஆனால் விஷயம் அளவில் இருக்கிறது. அமிலத்தன்மையை ரொம்ப ஏறவிடாமல், அலுமினியத்தின் மேல் இயல்பாகப் படிகிற ஆக்சைடு படலம் கரையாத எல்லைக்குள் நிறுத்தி, சிப்பியும் அழுக்கும் குளோரைடு உப்பும் மட்டும் கழன்று வருகிற மாதிரி பார்த்துக்கொண்டார்கள். கடலுக்குள் இருந்தவரை மெதுவாக அரித்துக்கொண்டிருந்த உப்பு, காற்றுப் பட்டதும் பல மடங்கு வேகமெடுக்கும். அதனால்தான் இந்த வேலையில் தூக்குகிற நாளைவிட தூக்கின மறுநாள்தான் ஆபத்து. கிரேன் வீடியோவை ஊரே பார்க்கும், ரெண்டு வருடம் தண்ணீர் தெளிக்கிற வீடியோவை யார் பார்ப்பார்கள்?

சரி, உலோகம் தேறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் என்ன செய்வது? இங்கேதான் எனக்கு ஹாலிஃபேக்ஸ் கதை பிடித்துப்போனது.

ஹாலிஃபேக்ஸ் நான்கு எஞ்சின் பிரிட்டிஷ் பாம்பர். ஆறாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். போர் முடிந்ததும் எடைக்குப் போட்டார்கள், ஒன்றுகூட முழுசாக மிஞ்சவில்லை. ஆறாயிரத்தில் ஒன்றை மூலையில் நிறுத்தி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை என்பது கேட்க ஆச்சரியமாக இருக்கும், ஆனால் அந்தக் காலத்து ஆட்களுக்கு அது நமக்கு நேற்றைய டவுன்பஸ் மாதிரி, அதை யார் கும்பிட்டு வைப்பார்கள்? இன்று உலகத்தில் பார்க்கக் கிடைக்கிற ஹாலிஃபேக்ஸ் மூன்று. மூன்றும் மூன்று விதமாகப் "மீட்கப்பட்டவை".

முதலாவது, 1942 ஏப்ரலில் டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைத் தாக்கப் போய், அடிபட்டு, நார்வேயில் ஹோக்லிங்கன் என்ற உறைந்த ஏரியின் மேல் வயிற்றைத் தேய்த்து இறங்கியது. ஆட்கள் வெளியேறிவிட்டார்கள், பனி உடைந்து விமானம் உள்ளே போனது. 1973இல் எடுத்தார்கள். லண்டன் ஹெண்டனில் உள்ள அருங்காட்சியகத்தில் அதை ஒட்டவில்லை, வண்ணம் பூசவில்லை, கிழிந்த தகடும் வளைந்த சட்டமுமாக எப்படி வந்ததோ ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவதும் நார்வே ஏரியிலிருந்துதான். 1945 ஏப்ரலில், போர் முடிய இரண்டு வாரம்தான் பாக்கி, நார்வே எதிர்ப்புப் படைக்குப் பொருள் போட்டுவிட்டுத் திரும்பும்போது சுடப்பட்டு மியோசா ஏரியில் விழுந்தது. ஆறு பேர் இறந்தார்கள், வால் துப்பாக்கிக்காரர் தாமஸ் வெயிட்மன் மட்டும் பிழைத்தார். ஏரியில் சுமார் 225 மீட்டர் ஆழம். குளிர்ந்த நன்னீர், உப்பு இல்லை, அதனால் உலோகம் நன்றாகவே தாக்குப்பிடித்திருந்தது. 1995இல் எடுத்து கனடாவின் டிரென்டனுக்குக் கொண்டுபோய்ப் பத்து வருடம் உட்கார்ந்து வேலை செய்தார்கள். 2005 நவம்பரில் முழு விமானமாக, பெயிண்ட் வாசனையோடு நின்றது. ஏரியில் கிடந்ததே தெரியாது. எங்கள் மாமா பாணி.

மூன்றாவது, இங்கிலாந்தின் யார்க் நகருக்குப் பக்கத்தில் எல்விங்டனில் இருக்கிறது. இதன் உடற்பகுதித் துண்டு ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கோழிக்கூண்டாக இருந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கோழி அடைத்து வைத்திருந்தார்கள். அதை வாங்கி, ஹேஸ்டிங்ஸ் என்ற பிற்காலப் போக்குவரத்து விமானத்தின் இறக்கையை மாட்டி, எஞ்சினை பிரெஞ்சு விமானப்படையிடமிருந்து வாங்கி, மிச்சத்தைப் புதிதாகச் செய்து, 1996 செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை அன்று வெளியே உருட்டி வந்தார்கள். போரில் நூறு தாண்டிய பறப்புகளை முடித்துத் திரும்பிய "13ஆம் தேதி வெள்ளி" என்ற பழைய ஹாலிஃபேக்ஸின் பெயரையே இதற்கும் வைத்தார்கள். காயலான் கடை ஜோடி வேலை என்று சிரிக்கலாம். ஆனால் அதன் முன்னால் நின்றால் ஹாலிஃபேக்ஸ் எவ்வளவு பெரிசு, உள்ளே ஆள் எப்படிக் குனிந்து போக வேண்டும் என்பதெல்லாம் புரியும், ஹெண்டனில் இருக்கிற உடைசல் அதைச் சொல்லாது.

இதில் எது சரியான மீட்பு? மதுரைக்காரனுக்கு இந்தக் கேள்வி புதிதே இல்லை, ஊரிலேயே மூன்று பதிலும் கிடைக்கின்றன. கீழடி அருங்காட்சியகத்தில் பானை ஓட்டை ஓடாகவே வைத்திருக்கிறார்கள், அதைப் பளபளவென்று புதுப் பானையாக்கினால் நாமே சண்டைக்குப் போவோம். மீனாட்சியம்மன் கோயிலில் 2018 பிப்ரவரி 2 அன்று வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்துத் தூண்கள் வெடித்து விழுந்தபோது, உடைந்ததை அப்படியே விட்டு கண்ணாடி போட்டு வைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. நாமக்கல் பக்கத்திலிருந்து கல் கொண்டுவந்து ஸ்தபதிகள் திரும்பச் செதுக்குவதுதான் திருப்பணி என்று ஊருக்கே தெரியும், கல் புதிது என்பதற்காக அது வேறு மண்டபம் ஆகிவிடாது. மூன்றாவது ரகம், பழைய அம்பாசடருக்கு வேறு வண்டியின் எஞ்சின் மாட்டி ஓட்டுகிறார்களே, அது. கோயிலில் வழிபாடு நடக்க வேண்டும், அதனால் புதுக்கல். கீழடி ஓட்டில் இனி யாரும் சோறாக்கப் போவதில்லை, அதனால் ஓடு ஓடாகவே இருக்கலாம். பாம்பர் இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்பதில்தான் அங்கே சண்டை.

சண்டை என்றால் நிஜமான சண்டை. பறக்க வைக்கிற கூட்டம் ஒரு பக்கம், அப்படியே வைக்கிற கூட்டம் ஒரு பக்கம். பறக்க வைக்க வேண்டும் என்றால் இறக்கையைத் தாங்குகிற முக்கியச் சட்டங்களில் பழைய உலோகத்தை நம்ப முடியாது, எக்ஸ்ரே எடுக்க வேண்டும், விரிசல் காட்டுகிற சாயம் ஊற்றிப் பார்க்க வேண்டும், சந்தேகம் வந்தால் புதிதாகச் செய்துதான் ஆக வேண்டும். ரிவெட்டை ஒவ்வொன்றாகத் துளைபோட்டுக் கழற்ற வேண்டும். லிபரேட்டர் என்ற அமெரிக்க பாம்பரில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேல் ரிவெட்டுகள். இப்படி மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் பறப்பதில் எவ்வளவு அசல் என்று கேட்டால், பல நேரம் ஒரு பெயர்த்தகடும் கைப்பிடியளவு தகடுகளும்தான் மிஞ்சும். அப்படியே வைத்தால் அது கம்பி வேலிக்குப் பின்னால் கிடக்கிற சடலம், குழந்தைகள் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் கேட்கும்.

நான் முதலில் பறக்க வைக்கிற கட்சிதான். கட்சி மாறினதற்குக் காரணம் கிரீன்லாந்துக் கதை. கீ பேர்ட் என்ற பெயருடைய பி-29 அமெரிக்க பாம்பர், போர்க்கால ரகம்தான், ஆனால் இது இறங்கியது 1947 பிப்ரவரியில், வழி தவறி, எரிபொருள் தீர்ந்து, உறைந்த ஏரி மேல். ஆட்கள் எல்லாரும் தப்பினார்கள். விமானம் அந்தக் குளிரிலும் வறட்சியிலும் கெடாமல், கிட்டத்தட்ட முழுசாக ஐம்பது வருடம் உட்கார்ந்திருந்தது. 1994இல் டேரில் கிரீனமையர் என்ற விமானி தலைமையில் ஒரு குழு போய், அங்கேயே எஞ்சின் மாற்றி, புரொப்பெல்லர் மாற்றி, டயர் மாற்றி, பறக்கவைத்துக் கொண்டுவரத் திட்டம் போட்டது. முதல் வருடமே தலைமை மெக்கானிக் ரிக் கிரீகி அங்கே உடம்பு முடியாமல் போய், வெளியே கொண்டுவந்தும் காப்பாற்ற முடியவில்லை. மறுவருடம் திரும்பப் போனார்கள். 1995 மே 21 அன்று நான்கு எஞ்சினும் ஓடின, விமானம் பனியில் நகர்ந்தது, பின்பக்கத்தில் வைத்திருந்த துணை ஜெனரேட்டருக்கான பெட்ரோல் குலுக்கலில் சிந்தித் தீப்பிடித்தது. அவ்வளவுதான். ஐம்பது வருடம் பனி காப்பாற்றினதை ஒரு பெட்ரோல் கேன் முடித்துவைத்தது. கருகின உடம்பு அங்கேயே கிடந்தது.

ஆனால் முழுசாகக் கட்சி மாறவும் முடியவில்லை, வெலிங்டன் கதை ஒன்று இருக்கிறதே. 1940 டிசம்பர் 31 அன்று எஞ்சின் கோளாறால் ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் இறங்கி மூழ்கிய பாம்பர். 1976இல் அந்த ஏரியில் இருப்பதாகக் கதை சொல்கிற அரக்கனைத் தேடப் போன ஒரு குழு சோனார் என்ற ஒலியலைக் கருவியில் இதைக் கண்டுபிடித்தது. அரக்கன் கிடைக்கவில்லை, பாம்பர் கிடைத்தது. 1985 செப்டம்பரில் வெளியே எடுத்து, எந்த புரூக்லண்ட்ஸ் தொழிற்சாலையில் 1939இல் அதைச் செய்தார்களோ அங்கேயே திரும்பக் கொண்டுபோனார்கள். வெலிங்டனின் கூடு பார்னஸ் வாலிஸ் என்ற பொறியாளர் வடிவமைத்தது, நம்மூர் மூங்கில் கூடை பின்னல் மாதிரி சிறுசிறு அலுமினியப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, மேலே துணி போர்த்தி, பசைச்சாயம் பூசி விறைக்க வைத்தது. ஒரு பக்கம் கிழிந்தாலும் மற்றப் பின்னல் சுமையைத் தாங்கிக்கொள்ளும். கிட்டத்தட்ட 45 வருடம் தண்ணீருக்குள் கிடந்த அதன் வால் விளக்கை எடுத்து பேட்டரியில் கொடுத்தபோது எரிந்ததாம். அங்கே அவர்கள் செய்தது எனக்குப் பிடித்திருந்தது: இருக்கிற பின்னலைச் சரிசெய்தார்கள், இல்லாத இடத்துக்குப் புதிது பின்னினார்கள், ஆனால் துணி போர்த்தவில்லை, எலும்புக்கூடு தெரியும்படி நிறுத்திவிட்டார்கள். பார்க்கிறவனுக்கு எப்படிச் செய்தார்கள் என்பதும் தெரியும், என்ன ஆனது என்பதும் தெரியும்.

சுத்தம் செய்வதிலும் ஒரு விஷயம் நம்மூருக்கு நெருக்கமாக இருந்தது. கோயில் தூண்களில் சுண்ணாம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் போக வேண்டும் என்று மணலைப் பீய்ச்சி அடித்து, சிற்பத்தின் மூக்கும் விரல் நகமும் மழுங்கிப்போன கதை நமக்குத் தெரியும். விமானத் தகட்டில் அதைச் செய்தால் மேலே சொன்ன சுத்த அலுமினியத் தோல் உரிந்துவிடும், ஆறு மாதம் பளபளக்கும், அப்புறம் அரிப்பு. அதனால் பிளாஸ்டிக் மணி, அரைத்த வால்நட் ஓடு என்று மெதுவான சரக்கால் அடிக்கிறார்கள். உள்பக்கப் பச்சை மஞ்சள் பூச்சு பெரும்பாலும் துத்தநாக குரோமேட், சுரண்டின தூள் மூச்சில் போகக்கூடாது, புற்றுநோய் வரவழைக்கிற சாமான். இருட்டில் தெரிய வேண்டும் என்று மீட்டர் முள்ளில் தடவினது ரேடியம். இதையெல்லாம் தெரியாமல் ஆர்வத்தில் கம்பி பிரஷ்ஷை எடுக்கிறவர்களை நினைத்தால்தான் பயம்.

சரி, நம்ம நாட்டுக்கு வருவோம். மதுரை விமான நிலையமே 1942இல் ராயல் ஏர்ஃபோர்ஸ் பயன்படுத்திய களம்தான். ஜப்பான் கொழும்பையும் திருகோணமலையையும் குண்டு போட்ட வருடம் அது, தெற்கே கயத்தாறு, செட்டிநாடு, வடக்கே உளுந்தூர்பேட்டை, சோழவரம் என்று ஓடுபாதைகள் முளைத்த காலம். பாதைகள் மிஞ்சின, சோழவரத்தில் பிற்பாடு கார் ரேஸ் ஓட்டினார்கள். விமானங்கள் மிஞ்சவில்லை.

ஆனால் உலகமே வாயைப் பிளக்கிற மீட்பு வேலை ஒன்று இந்தியாவில் நடந்திருக்கிறது, அதை நடத்தினவர்கள் அதை மீட்பு என்றே நினைக்கவில்லை. போர் முடிந்தபோது கான்பூர் சக்கேரி களத்தில் பி-24 லிபரேட்டர்கள் வரிசையாகக் கிடந்தன. அமெரிக்கா பிரிட்டனுக்கு இரவலாகக் கொடுத்தவை, திருப்பித் தர வேண்டும் அல்லது அழிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அழிப்பது என்றால் எப்படி? எஞ்சினுக்குள் மணல் கொட்டினார்கள், கருவிகளை உடைத்தார்கள், உடம்பில் வண்டியை மோதவிட்டார்கள். இனி பறக்காது என்று உறுதி செய்துவிட்டுத்தான் போனார்கள். 1948இல் புதிய இந்தியாவுக்கு கனரக பாம்பர் தேவைப்பட்டது, வாங்கப் பணமும் இல்லை, கொடுக்க ஆளும் இல்லை. பெங்களூர் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆட்கள் போய் அந்தக் குப்பையைப் பார்த்தார்கள்.

அவர்களுக்கு ஒரு அனுகூலம் இருந்தது, இதைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். வால்சந்த் ஹிராசந்த் 1940இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையைப் போர்க்காலத்தில் அமெரிக்க விமானப்படை பழுதுபார்க்கும் களமாக எடுத்து நடத்தியது, லிபரேட்டர்களும் அங்கே வந்து கழற்றிப் பூட்டப்பட்டன. பெங்களூர் ஃபிட்டர்களின் கைக்கு அந்த விமானத்தின் ஒவ்வொரு மூட்டும் பழக்கம். அதனால் கான்பூரில் ஒன்றிலிருந்து இறக்கை நுனி, இன்னொன்றிலிருந்து கருவிப்பலகை என்று கழற்றிச் சேர்த்து, பெங்களூர் வரை ஒரே ஒரு தடவை பறந்தால் போதும் என்ற அளவுக்கு நிமிர்த்தினார்கள். அங்கிருந்து ஓட்டி வந்தவர் நிறுவனத்தின் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி. நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் இப்படி வந்தன. மணல் கொட்டின, மோதவிட்ட, ஏற்கெனவே செத்துவிட்டதாக எழுதி வைக்கப்பட்ட நாற்பது விமானங்களை, ஒவ்வொன்றாக, இது நடுவானில் என்ன செய்யும் என்று தெரியாமலே ஏறி உட்கார்ந்து கிளப்பின மனிதர். பெங்களூரில் முறையாகப் பிரித்துப் பூட்டி விமானப்படைக்குக் கொடுத்தார்கள், 1948 நவம்பரில் 5ஆம் ஸ்குவாட்ரன் அவற்றோடு தொடங்கியது. 1968 வரை பறந்தன. பதினெட்டாயிரத்துக்கு மேல் செய்த அமெரிக்காவே எல்லாவற்றையும் உருக்கி முடித்துப் பல வருடம் ஆன பிறகும்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அருங்காட்சியகங்களுக்கு லிபரேட்டர் வேண்டும் என்று தேடினபோது ஓடுகிற நிலையில் இருந்தது இந்தியாவில்தான். 1968இல் கனடாவுக்கு ஒன்று, 1969இல் அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள பீமா அருங்காட்சியகத்துக்கு ஒன்று, 1974இல் பிரிட்டனுக்கு ஒன்று. அரிசோனாவுக்குப் போனது இங்கிருந்து பறந்தே போனது. அமெரிக்காவில் பல வருடம் ஊர் ஊராகப் பறந்து காட்டப்பட்ட இன்னொரு லிபரேட்டரும் கான்பூர் குப்பையிலிருந்து எழுந்ததே. உலகத்தில் இன்று முழுசாக நிற்கிற லிபரேட்டர்கள் பத்துப் பதினைந்துக்குள், அவற்றில் கணிசமானவை பெங்களூர் கை பட்டவை. நமக்கென்று ஒன்று டெல்லியில் பாலம் என்ற இடத்தில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஐரோப்பாக்காரன் நினைவுக்காகச் செய்ததை இங்கே தேவைக்காகச் செய்தார்கள், அதனால்தான் அது பிழைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. லூயிஸ் தீவில் கோழிக்கூண்டாக இருந்ததால் ஹாலிஃபேக்ஸ் துண்டு பிழைத்ததும் இதே கதைதான். பயன்பட்ட சாமானை யாரும் உருக்குவதில்லை. காப்பாற்ற வேண்டும் என்று எவரும் நினைக்கவில்லை, அன்றைக்கு வேலைக்கு ஆகிற மாதிரி இருந்தது, விட்டுவைத்தார்கள்.

சட்டமும் இதில் ஒரு கோணல். நம் 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் ஆனால்தான் ஒரு பொருள் தொல்பொருள், கையெழுத்துப் பிரதிக்கு மட்டும் எழுபத்தைந்து. 1942இல் பறந்த விமானத்துக்கு 2042 வரை வயது பத்தாது. அதுவரை எந்தக் காட்டில் கிடைத்தாலும் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு அது வெறும் பழைய உலோகம். பிரிட்டனில் 1986இலேயே தனிச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள், ராணுவச் சேவையில் விழுந்த விமானத்தை உரிமம் இல்லாமல் தோண்டக்கூடாது. அதற்குக் காரணம் அலுமினியம் இல்லை, உள்ளே ஆள் இருக்கலாம் என்பது. அருணாசலப் பிரதேசக் காடுகளில் இது இன்னும் முடியாத கணக்கு. அசாமிலிருந்து இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்குப் பறத்திய அந்த வழியில் சுமார் 600 விமானங்கள் விழுந்தன. மலைக்கிராமத்துக்காரர்கள் கண்டெடுத்த தகடு சிலது கத்தியாகவும் சட்டியாகவும் வீடுகளுக்குப் போயிருக்கிறது, சில இடங்களில் எலும்பும் கிடைத்து, அமெரிக்காவிலிருந்து ஆட்கள் வந்து மண்ணைச் சலித்துப் பார்த்து எடுத்துப்போயிருக்கிறார்கள். அங்கே பாசிகாட் என்ற ஊரில் 2023 நவம்பரில் இதற்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். அங்கே யாராவது ஒரு இறக்கையைத் தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடித்து வைத்தால் எனக்குக் கோபம் வரும், ஆனால் கான்பூரில் செய்ததை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படித் தோன்றும் என்று கேட்காதீர்கள், தோன்றுகிறது.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போனேன். மாமா ஒரு மினி லாரியின் கதவுக்கு பட்டி பூசிக் காய வைத்திருந்தார். போனில் மூன்று ஹாலிஃபேக்ஸையும் வரிசையாகக் காட்டினேன். டிரென்டனில் இருக்கிறதைப் பார்த்து "நல்ல வேலை" என்றார். கோழிக்கூண்டு கதையைக் கேட்டுச் சிரித்தார். ஹெண்டன் உடைசலில் நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கி, கிழிந்த தகட்டின் ஓரத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது இப்பிடிக் கிழிஞ்சிருக்குன்னா கீழ இருந்துதான் அடி வாங்கியிருக்கு மாப்ள. இதைத் தட்டிட்டா அது தெரியாமப் போயிருமே."

அப்புறம் கான்பூர் லிபரேட்டர் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றைத்தான் கேட்டார். எஞ்சினுக்குள் கொட்டின மணலை எதைக்கொண்டு கழுவினார்கள்?